வழி சொன்னவரைத் திருடன் என்று சொல்லாதே!

[திருச்சியில் நம் கட்சியின் சமூக ஊடகப் பொறுப்பாளர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள், படித்த பிறகு பகிருங்கள்.]



போன மாசம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எனக்குப் போன் பண்ணினாங்க. நம்ம கட்சி உறுப்பினர்கூட இல்லை. தெருப் பிரச்சினைகளை எழுத ஒரு சின்ன முகநூல் பக்கம் நடத்தினாங்க. சாக்கடை அடைப்பு, அம்மா மண்டபம் படித்துறையில் குப்பை, ராத்திரியில் எரியாத விளக்கு, இதுதான் அவங்க எழுதுறது. ஒரு நாள் ஒரு வீடியோ செய்தியோட லிங்கைப் போட்டு, "இதில் சொல்லியிருக்கிற கணக்கு தப்பு, எங்க தெருவில் வேலை முடியவே இல்லை"ன்னு நாலு வரி எழுதினாங்க. வீடியோவை டவுன்லோட் பண்ணலை. வெட்டி ஒட்டலை. லிங்க் மட்டும்தான்.

ரெண்டு நாளில் அவங்களுக்கு ஒரு மெசேஜ். "இது காப்பிரைட் மீறல். உடனே நீக்கவும். இல்லாவிட்டால் வழக்கு, சிறை." அவ்வளவுதான். எந்தப் படைப்பு, எந்தச் சட்டப்பிரிவு, ஒண்ணும் இல்லை. தங்கச்சி அந்தப் பதிவை மட்டும் நீக்கலை, பக்கத்தையே மூடிட்டாங்க. "அப்பா பயப்படறார் அண்ணே, நமக்கு எதுக்கு வம்புன்றார்"ன்னு சொன்னாங்க.

அந்த "நமக்கு எதுக்கு வம்பு" என்ற மூணு சொல்லைப் பத்தித்தான் இன்னைக்கு நான் பேச வந்திருக்கேன்.

முதலில் லிங்க் என்றால் என்னன்னு பார்ப்போம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நீங்க நிக்கிறீங்க. வெளியூர்க்காரர் ஒருத்தர் வந்து, ரெங்கநாதர் கோயிலுக்கு எப்படிப் போகணும்னு கேக்கிறார். ஒண்ணாம் நம்பர் பஸ்ல ஏறுங்க, காவிரிப் பாலம் தாண்டினதும் வந்துடும்னு சொல்றீங்க. கோயிலை நீங்க தூக்கிட்டு வந்து அவர் கையில் கொடுக்கலை. வழி சொன்னீங்க. அவர் போகலாம், போகாமலும் இருக்கலாம். கோயில் நடை சாத்தியிருந்தா அவருக்கு உள்ளே போக முடியாது. லிங்க் அதுதான். அந்தச் செய்தி நிறுவனம் நாளைக்கே வீடியோவை எடுத்துட்டா, தங்கச்சி கொடுத்த லிங்க் எங்கேயும் போகாது. வீடியோ அவங்க கையில், அவங்க பூட்டில்தான் இருக்கு.

அதே நேரத்தில் ஒண்ணு சொல்லணும். எழுதுறவங்க, படம் எடுக்கிறவங்க உரிமையை நாம கேலி பண்ணக் கூடாது. நம்ம ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, செயின்ட் ஜோசப் கல்லூரியில் படிச்சவர் எழுத்தாளர் சுஜாதா. 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' படிக்காத திருச்சிக்காரர் குறைவு. அவர் 2008-ல் காலமானார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம் பதிப்புரிமை உண்டு. அதாவது 2068 முடியும் வரைக்கும் அவர் குடும்பத்துக்கு அந்த உரிமை இருக்கு. அந்தப் புத்தகத்தை ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப் குழுவில் போடுற தோழர்கள் இங்கேயே இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். சிரிக்காதீங்க. அது தப்பு. ஆனா அந்தக் கதையை விமர்சிச்சு எழுதலாம், விமர்சனத்துக்குத் தேவையான அளவு மேற்கோள் காட்டலாம். பதிப்பகத்தின் பக்கத்துக்கு லிங்க் கொடுக்கலாம். பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவிலேயே விமர்சனம், ஆய்வு, நடப்புச் செய்தி இதுக்கெல்லாம் இடம் விட்டிருக்கு.

தியேட்டரில் வெள்ளிக்கிழமை வந்த படத்தைச் சனிக்கிழமை திருட்டுத் தளத்தில் ஏத்துறவன் வேற. அது திருட்டுத் தளம்னு தெரிஞ்சே, விளம்பரக் காசுக்காக லிங்க்கை மட்டும் அடுக்கி வைக்கிறவனும் வேற. அவங்களுக்காக நான் இங்கே வாதாட வரலை. லைட்மேனிலிருந்து தயாரிப்பாளர் வரைக்கும் அவங்க எல்லாரும் வயித்துல அடிபடுறாங்க. நான் பேசுறது தங்கச்சி மாதிரி ஆளுங்களுக்காக.

இந்த ரெண்டு பேரையும் ஒரே வலையில் பிடிச்சா என்ன ஆகும்? நம்ம மாநிலத்திலேயே நடந்திருக்கு.

2012-ல் '3' என்ற தமிழ்ப் படத்துக்காகத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. பெயர் தெரியாத ஆட்கள் படத்தைத் திருடி இணையத்தில் போடுவாங்க, தடுக்கணும்னு கேட்டாங்க. பெயர் தெரியாதவர்களை 'ஜான் டோ' என்றும், நம்ம ஊரில் 'அசோக் குமார்' என்றும் குறிப்பிட்டு இப்படி உத்தரவு வாங்குறது வழக்கம். தடை உத்தரவு கிடைத்தது. இணையச் சேவை நிறுவனங்கள் என்ன பண்ணினாங்க? எந்தப் பக்கத்தில் படம் இருக்குன்னு தேடிப் பார்க்காம, தளத்தையே மொத்தமா மூடினாங்க. விமியோ போச்சு, டெய்லிமோஷன் போச்சு. கல்யாண வீடியோ போட்டவர், குறும்படம் எடுத்துப் போட்ட கல்லூரி மாணவர், பாடம் நடத்தின வாத்தியார், எல்லார் கதவும் சாத்தியாச்சு.

அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு கடையில் திருட்டு டிவிடி விக்கிறான்னு, காவிரிப் பாலத்தையே மூடினா எப்படி இருக்கும்? 2022-23-ல் பழுது பார்க்க அந்தப் பாலத்தை மூடினபோது நாம பட்ட பாடு ஞாபகம் இருக்கா? ஸ்ரீரங்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, வேலைக்குப் போக எவ்வளவு சுத்தினோம்? அதாவது பழுது பார்க்க. அதுக்கு ஒரு காரணம் இருந்தது. இங்கே காரணமே இல்லாம மூடினாங்க.

ஆனா அதே சென்னை உயர் நீதிமன்றம் 2012 ஜூனில் அந்த உத்தரவைத் தெளிவுபடுத்தியது. தடை, திருட்டுப் படம் இருக்கிற குறிப்பிட்ட முகவரிக்கு மட்டும்தான், முழுத் தளத்துக்கும் இல்லை. அந்த முகவரி எதுன்னு புகார் கொடுக்கிறவர்தான் சொல்லணும்னு சொன்னது. இதை நீங்க மனசில் எழுதி வச்சுக்கணும். யாரு, எது, எங்கே? இந்த மூணையும் சொல்ல வேண்டிய பொறுப்பு புகார் கொடுக்கிறவருக்கு.

பாடம் கத்துக்கிட்டோமா? 2017 ஆகஸ்டில் ரெண்டு இந்திப் படங்களுக்காக மறுபடியும் தடை. அதன்படி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்கள் கொண்ட பட்டியல். அந்தப் பட்டியலில் இன்டர்நெட் ஆர்க்கைவும் சேர்ந்து போச்சு. அது பழைய புத்தகங்களும் பத்திரிகைகளும் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் உலகப் பெரிய நூலகம். பதிப்புரிமைக் காலம் முடிந்த தமிழ் நூல்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இருக்கு. நம்ம ஊர் ஆய்வு மாணவருக்கு அதுதான் கன்னிமாரா நூலகம். ரெண்டு சினிமாவுக்காக ஒரு நூலகத்துக்குப் பூட்டு!

வெளிநாட்டில் இதை எப்படிப் பார்த்தாங்கன்னு சுருக்கமா சொல்றேன். 2011-ல் கனடா உச்ச நீதிமன்றம் ஓர் அவதூறு வழக்கில், வெறும் லிங்க் கொடுப்பது அந்தச் செய்தியைப் பிரசுரிப்பது ஆகாதுன்னு சொன்னது. அடிக்குறிப்பு போடுற மாதிரிதான்னு பார்த்தது. 2014-ல் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு ஸ்வீடன் பத்திரிகையாளர்கள் போனாங்க. எங்க கட்டுரைக்கு இன்னொரு நிறுவனம் லிங்க் கொடுக்குது, காசு வேணும்னு கேட்டாங்க. எல்லாரும் படிக்கத் திறந்து வச்ச பக்கத்துக்கு லிங்க் கொடுக்க அனுமதி தேவையில்லைன்னு தீர்ப்பு. 2016-ல் அதே நீதிமன்றம் ஒரு கோடும் போட்டது: திருட்டுத்தனமா வெளியான படங்கள்னு தெரிஞ்சே, லாபத்துக்காக லிங்க் கொடுத்தா அது மீறல். சரியான கோடா இல்லையான்னு வக்கீல்கள் இன்னும் வாதாடுறாங்க. ஆனா தெரிஞ்சு செஞ்சாரா, லாபத்துக்குச் செஞ்சாரான்னு கேட்கிற நியாயம் நமக்கும் வேணும்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதைன்னு நினைக்காதீங்க. எழுத்து யாருக்குச் சொந்தம் என்ற சண்டை தமிழ்நாட்டுக்குப் புதுசில்லை.

பாரதியார் பாடல்களை இசைத்தட்டில் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதி பாட்டைப் பாட யாரிடம் அனுமதி கேட்கிறதுன்னு எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கொதிச்சாங்க. 1949-ல் அன்றைய சென்னை மாகாண அரசு பாரதி எழுத்துகளின் உரிமையை ஏற்றது. பிறகு அது மக்களுக்கே பொதுவானது. அதனாலதான் இன்னைக்கு நம்ம பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒரு குழந்தை பாரதி பாட்டுப் பாடினா யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது.

அடுத்தது நம்ம திருச்சியோடு தொடர்புள்ளது. புத்தூர் பெரியார் மாளிகை தெரியாதவங்க இங்கே இருக்க மாட்டீங்க. 1925-ல் தொடங்கின 'குடிஅரசு' இதழில் பெரியார் எழுதியதையும் பேசியதையும் 1938 வரைக்கும் தொகுத்து, 27 தொகுதிகளா வெளியிடப் பெரியார் திராவிடர் கழகம் அறிவித்தது. பதிப்புரிமை எங்களுக்குத்தான்னு பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2009-ல் நீதிபதி கே.சந்துரு தடை கொடுக்க மறுத்தார். 2010-ல் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. ரெண்டு பக்கமும் பெரியாரைத் தூக்கிச் சுமந்தவங்கதான். யார் நல்லவர்னு தீர்ப்புச் சொல்ல நான் வரலை. நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கு. பதிப்புரிமையை ஒருத்தருக்கு மாத்திக் கொடுக்கணும்னா அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்கணும்னு சட்டம் 19-ஆம் பிரிவு சொல்லுது. "எனக்குத்தான் உரிமை"ன்னு வாயால் சொன்னா போதாது. அப்போ தங்கச்சிக்கு மெசேஜ் அனுப்பினவரிடம் நாம கேக்க வேண்டிய முதல் கேள்வி என்ன? "ஐயா, உரிமை உங்களுடையதுன்னு காட்டுங்க."

சரி, இப்போ விஷயத்தோட நடுப்பகுதிக்கு வர்றேன்.

இணையத்தில் பேசினதுக்காக ஆட்களைப் பிடிச்சு உள்ளே போட 66-ஏ என்ற பிரிவு இருந்தது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே தீர்ப்பில் இன்னொண்ணும் சொன்னது. ஒரு பதிவை நீக்கச் சொல்லி யாரோ புகார் அனுப்பினா மட்டும் போதாது. நீதிமன்ற உத்தரவோ அரசின் முறையான அறிவிப்போ வந்தால்தான் தளம் நீக்கக் கடமைப்பட்டது. நல்ல தீர்ப்பு.

ஆனா காப்பிரைட் விஷயத்தில் இந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைக்கலை. 2016 டிசம்பரில் மைஸ்பேஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், பதிப்புரிமைக்கு உரிமையாளரோட நோட்டீஸே போதும். ஆனா எந்தப் படைப்பு, எங்கே இருக்குன்னு குறிப்பாச் சொல்லணும்னு சொன்னது. யூடியூப், முகநூல் எல்லாம் அமெரிக்க நிறுவனங்கள். அவங்க 1998-ல் வந்த அமெரிக்கச் சட்டத்தை ஒட்டி நடைமுறை வச்சிருக்காங்க: புகார் வந்தா முதல்ல எடு, பிறகு பேசு.

இப்போ புரியுதா? உங்க பதிவு அவதூறுன்னு ஒருத்தர் சொன்னா கோர்ட்டுக்குப் போகணும். அதே பதிவை காப்பிரைட்னு சொன்னா ஒரு படிவத்தை நிரப்பினா போதும். அதனாலதான் நம்ம வாயை மூட நினைக்கிறவங்க முன்வாசலை விட்டுட்டு இந்தப் பக்க வாசல் வழியா வர்றாங்க. தங்கச்சிக்கு வந்த மெசேஜ் திருட்டைப் பத்தினது இல்லை. "கணக்கு தப்பு"ன்னு அவங்க எழுதின அந்த நாலு வரியைப் பத்தினது.

இந்த இடத்தில் நம்ம கட்சிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. கைதட்டல் வராதுன்னு தெரிஞ்சே சொல்றேன். நம்ம தலைவர்கள் பேச்சை வெட்டி, விமர்சனம் பண்ணி ஒருத்தர் வீடியோ போட்டா, "அண்ணே, ஸ்டிரைக் அடிச்சிடலாமா?"ன்னு கேக்கிற தம்பிகள் நம்ம அணியிலும் இருக்காங்க. பொதுக்கூட்டத்தில் பேசின பேச்சுக்குப் பேசினவர்தான் உரிமையாளர்னு சட்டம் சொல்றது உண்மைதான். ஆனா பொதுக்கூட்டப் பேச்சைச் செய்தியாக்குறதுக்கும் விமர்சிக்கிறதுக்கும் அதே சட்டம் அனுமதி கொடுக்குது. மைக் வச்சு ஊருக்கே கேக்கிற மாதிரி பேசிட்டு, பதில் பேசுறவனை மட்டும் திருடன்னு சொன்னா அது நியாயமா? பொய்யா வெட்டி ஒட்டியிருந்தா முழுப் பேச்சோட லிங்கைக் கீழே போடுங்க. மக்கள் ரெண்டையும் பார்த்து முடிவு பண்ணட்டும். விமர்சனத்துக்கு ஸ்டிரைக் அடிக்கிற வேலை நம்ம பக்கத்திலிருந்து நடக்கக் கூடாது. இதை நாம கடைப்பிடிக்காம அடுத்தவங்களைக் கேள்வி கேட்க நமக்கு யோக்கியதை இல்லை.

இனி, நோட்டீஸ் வந்தா என்ன பண்ணணும்? குறிச்சுக்கோங்க.

1. பதறி எதையும் அழிக்காதீங்க. பதிவையும் வந்த மெசேஜையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

2. நீங்க செஞ்சது என்னன்னு நேர்மையாப் பாருங்க. லிங்க் மட்டுமா, பிரதி எடுத்துப் போட்டீங்களா? அடுத்தவர் படைப்பை அப்படியே ஏத்தியிருந்தா எடுத்துடுங்க, மன்னிப்புக் கேளுங்க. அதில் மானக்கேடு இல்லை.

3. லிங்க் போய்ச் சேருற இடம் எது? உரிமையாளரே திறந்து வச்ச பக்கமா, திருட்டுத் தளமா? திருட்டுன்னு தெரிஞ்சா லிங்க்கும் வேண்டாம்.

4. புகார் கொடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்க: எந்தப் படைப்பு, உரிமைக்கு என்ன ஆதாரம், எந்த முகவரி, எந்தப் பிரிவு.

5. 2012 ஜூனில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 52(1)(சி) என்று ஒரு பிரிவு இருக்கு. லிங்க் தருவதற்காகத் தற்காலிகமாச் சேமித்து வைக்கிற தளங்களுக்கு அது பாதுகாப்பு. திருட்டுப் பிரதின்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது, உரிமையாளர் வெளிப்படையாத் தடுத்திருக்கவும் கூடாது. எழுத்துப் புகார் வந்தா 21 நாள் நிறுத்தி வைக்கணும். அதுக்குள்ள நீதிமன்ற உத்தரவு வரலைன்னா மறுபடி தரலாம். சொந்தமா இணையதளம் நடத்துற தோழர்கள் இதை வக்கீலிடம் காட்டி யோசனை கேளுங்க.

6. யூடியூபில் ஸ்டிரைக் வந்தா எதிர் மனு கொடுக்க வழி இருக்கு. மூணு ஸ்டிரைக் சேர்ந்தா சேனலே போகலாம். அதனால முதல் ஸ்டிரைக்குக்கே பதில் சொல்லுங்க. ஆனா எதிர் மனுவில் பொய் எழுதாதீங்க, அது உங்களைத்தான் திருப்பிக் கடிக்கும்.

7. ஆதாரமில்லாம "கேஸ் போடுவேன்"னு மிரட்டுறவருக்கு எதிரா நீங்களே நீதிமன்றம் போகலாம். பதிப்புரிமைச் சட்டம் 60-ஆம் பிரிவு அதுக்காகவே இருக்கு. மிரட்டலை நிறுத்த உத்தரவும் நஷ்ட ஈடும் கேக்கலாம். அவர் உண்மையிலேயே வழக்குப் போட்டு நடத்தினா இந்தப் பிரிவு பொருந்தாது.

வக்கீலுக்குக் காசு இல்லையேன்னு தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குறைந்த வருமானக்காரர் எல்லாருக்கும் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டும் கேக்கலாம். நம்ம ஊரில் அரசு சட்டக் கல்லூரி இருக்கு, நாவலூர் குட்டப்பட்டில் தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் இருக்கு. அங்கே படிக்கிற தம்பி தங்கைகளே, உங்க பாடப் புத்தகத்தில் இருக்கிற இந்தப் பிரிவுகளை எளிய தமிழில் எழுதி மக்களுக்குக் கொடுங்க. எந்தக் கட்சிப் பேரும் போட வேண்டாம்.

அரசுகளுக்கும் நம்ம கோரிக்கை எளிமையானது. தளத்தையே மூடாதீங்க, குறிப்பிட்ட பக்கத்தைச் சொல்லி நடவடிக்கை எடுங்க. எதை, ஏன் மூடினோம்னு வாசகனுக்குத் தெரிய வைங்க. பொய்ப் புகார் கொடுக்கிறவருக்கும் செலவு வைங்க.

கடைசியா அந்தத் தங்கச்சி. 60-ஆம் பிரிவைப் பத்திச் சொன்னேன். அந்த மெசேஜுக்கு நாலு கேள்வியோட பதில் எழுதிக் கொடுத்தோம். அனுப்பினவரிடமிருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு வரி பதில் வரலை. ஆனா தங்கச்சியோட பக்கம் இன்னும் மூடியேதான் கிடக்கு. அப்பா இன்னும் சம்மதிக்கலையாம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளை வச்சிருக்கிற மனுஷன், கோர்ட்னா பயப்படத்தான் செய்வார்.

போன வாரம் அந்தத் தெரு வழியா வந்தேன். சாக்கடை அப்படியேதான் இருக்கு. அதை எழுதத்தான் ஆள் இல்லை.

இதை வாசிக்கிற நீங்க, உங்க தெருவில் அப்படி எழுதுற யாராவது இருந்தா, இந்தப் பதிவோட லிங்கை அவங்களுக்கு அனுப்புங்க. அனுமதி கேக்க வேண்டாம். தாராளமா அனுப்பலாம்.



#கருத்துரிமை #பதிப்புரிமை #திருச்சி #ஸ்ரீரங்கம்